எழுதிக் கொடுத்துப் பிழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பதின்மூன்று ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் கட்டுரையும் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிறேன். புதிதாக இந்த வழிக்கு வருகிறவர்கள் தொலைபேசியில் கேட்பதைத் தொகுத்து வைத்தால், திரும்பத் திரும்பச் சொல்லும் வேலை மிச்சம் என்று தோன்றியது. தொகுத்துப் பார்த்தபோது எழுத்தைப் பற்றிய கேள்விகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. கூலி, ஒப்பந்தம், வங்கி, வரி என்றே மற்றவை போகின்றன. எனக்கு இதில் வியப்பில்லை. நன்றாக எழுதத் தெரிந்தும் இந்தத் தொழிலை விட்டுப் போன நண்பர்கள் எல்லோரும் கணக்கில்தான் தோற்றார்கள்.

இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வரலாமா?

ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருந்தால் வரலாம். இல்லாவிட்டால் இப்போது வேண்டாம். ஜனவரியில் எழுதிக் கொடுப்பதற்குப் பிப்ரவரியில் பில் அனுப்புவீர்கள். பணம் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். அதாவது, முதல் நாளிலிருந்தே கை நிறைய வேலை இருந்தாலும் முதல் மூன்று மாதம் கையில் காசு இருக்காது. அந்த மூன்று மாதத்தில்தான் பலர் பயந்துபோய், கிடைத்த கூலிக்கு ஒப்புக்கொண்டு, பிறகு அந்தக் கூலியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

சொல்லுக்கு எவ்வளவு கேட்பது?

"சந்தையில் என்ன விலை?" என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் அடக்கவிலை என்ன என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு தாளில் போட்டால் பத்து நிமிட வேலை.

வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். மாதத்தில் 22 நாள் வேலை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்தாலும் காசு வரும் எழுத்துக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் பெரிது. மீதியை மின்னஞ்சலும் திருத்தமும் பில்லும் வேலை தேடலும் மின்வெட்டும் தின்றுவிடும். ஆக மாதத்துக்கு 88 மணி நேரம். 30,000ஐ 88ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 340 ரூபாய். 1,000 சொல் கட்டுரைக்குத் தகவல் தேடி, எழுதி, மெய்ப்புப் பார்க்க ஐந்து மணி நேரம் ஆகிறது என்றால் கட்டுரைக்கு 1,700 ரூபாய், சொல்லுக்கு 1 ரூபாய் 70 காசு. மடிக்கணினித் தேய்மானம், இணையக் கட்டணம், காய்ச்சலில் படுக்கும் நாட்கள் எதுவும் இதில் சேரவில்லை.

இப்போது ஒருவர் வந்து, "சொல்லுக்கு 40 காசு, ஆனால் வேலை தொடர்ந்து வரும்" என்கிறார். அதே 30,000 ரூபாய்க்கு மாதம் 75,000 சொல் எழுத வேண்டும். நாளுக்கு 3,400 சொல். அதே வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு 17 மணி நேரம். தொடர்ந்து வரும் என்று அவர் சொன்னது உண்மைதான். உங்கள் உடம்புதான் தொடர்ந்து வராது.

கூலியை உயர்த்துவது பற்றி ஒரு வார்த்தை. பழைய வாடிக்கையாளரிடம் நடு வேலையில் பேசாதீர்கள். ஏப்ரலில், புது நிதியாண்டு தொடங்கும்போது, ஒரு மாதம் முன்னதாகத் தெரிவித்துவிட்டு உயர்த்துங்கள். நிறுவனங்களுக்கு அந்த மொழி பழக்கம்.

மொழிபெயர்ப்புக்கு ஆங்கிலச் சொல்லை எண்ணுவதா, தமிழ்ச் சொல்லையா?

ஆங்கிலத்தை. மூலத்தின் சொல் எண்ணிக்கை என்று வேலை ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். இதைத் தெரியாமல் என் முதல் ஆண்டில் நிறையவே இழந்தேன்.

தமிழ் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. ஆங்கிலத்தில் "ஷி வுட் நாட் ஹேவ் கம்" என்று ஐந்து சொல்லில் வருவது தமிழில் "வந்திருக்கமாட்டாள்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "இன் தி ஹவுஸ்" மூன்று, "வீட்டில்" ஒன்று. கணினியோ இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. தமிழை எண்ணிக் கூலி வாங்கினால், எவ்வளவு செறிவாக எழுதுகிறீர்களோ அவ்வளவு குறைவாகக் கிடைக்கும். அப்படிக் கூலி வாங்கிய ஒருவர் "வந்து இருக்க மாட்டாள்" என்று பிரித்துப் பிரித்து எழுதியதை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் இன்னொரு கழிவும் வைத்திருக்கும். மொழிபெயர்ப்பு நினைவகம், அதாவது நீங்கள் முன்பு மொழிபெயர்த்த வரிகளின் சேமிப்பு, உள்ள மென்பொருளில் உங்கள் பழைய வரியோடு புதிய வரி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கூலியைக் குறைப்பார்கள். முழுக்க ஒத்துப்போகும் வரிக்கும் ஒரு சிறு தொகை கேளுங்கள். அதையும் நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும். அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள விரும்பினால் ஒமேகா-டி இலவசம்.

மாதிரிக்கு இலவசமாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

200 சொல் வரை கொடுக்கலாம். 1,500 சொல் கேட்டால் அதற்குப் பெயர் மாதிரி அல்ல. ஒரே புத்தகத்தைப் பன்னிரண்டு துண்டாக்கி, பன்னிரண்டு பேருக்குத் "தேர்வு" என்று அனுப்பி, செலவில்லாமல் முழுப் புத்தகத்தையும் மொழிபெயர்த்துக்கொள்ளும் வித்தை இந்தத் தொழிலில் பழையது. நீங்கள் ஏற்கெனவே எழுதி வெளியான மூன்று கட்டுரைகளின் இணைப்பை அனுப்பினாலே உண்மையான வாடிக்கையாளருக்குப் போதும்.

வாட்ஸ்அப்பில் "சரி, எழுதுங்கள்" என்றார்கள். அது ஒப்பந்தமா?

கூலியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சான்றுதான், அழித்துவிடாதீர்கள். ஆனால் அதோடு நிற்காமல், அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். என்ன வேலை, எத்தனை சொல், எந்தத் தேதி, என்ன கூலி, எத்தனை முறை திருத்தம், பணம் எத்தனை நாளில் என்று ஆறு வரி. "மேலே உள்ளபடி தொடங்குகிறேன், மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள்" என்று முடித்துவிடுங்கள். பத்துப் பக்க ஒப்பந்தத்தைவிட இந்த ஆறு வரி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. திருத்தம் எத்தனை முறை என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதைக் குறிக்காமல் விட்டதால் ஒரு கண் மருத்துவமனைக் கையேட்டை ஒன்பது முறை திருத்தினேன்; ஒன்பதாவது முறை அவர்கள் கேட்டது முதல் முறை நான் எழுதியிருந்த வாக்கியத்தை.

எழுதிக் கொடுத்த பிறகு கட்டுரை யாருடையது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. சண்டை வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் அடிப்படை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளி. நாம் சம்பளக்காரர்கள் அல்ல. தனித்தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள். ஆகவே பொதுவாக எழுத்தின் முதல் உரிமையாளர் நாம்தான். உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், நம் கையெழுத்து இருக்க வேண்டும். இதைச் சொல்வது 19ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் இன்னும் மூன்று செய்திகள் உண்டு: எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும், வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை நம்மிடமே திரும்பிவிடும். பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு கட்டாயம் இல்லை.

2017இல் ஓர் இணைய இதழில் எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி 24 வாரம் தொடர் எழுதினேன். வாரத்துக்கு ஒரு தொகை. பேச்சு எல்லாம் தொலைபேசியில். இரண்டாண்டு கழித்து உறவினர் ஒருவர், "உன் புத்தகம் வாங்கினேன்" என்றார். எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொடரை அப்படியே மின்னூலாக்கி விலை வைத்திருந்தார்கள். என் பெயராவது அட்டையில் இருந்தது. நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் 19ஆம் பிரிவையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். வழக்கறிஞர் கூட இல்லை. மூன்று வாரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார், விற்பனையில் பங்கு பேசி முடித்தோம். அவருடன் இன்றும் நல்ல பழக்கம் இருக்கிறது. தவறு என்று அவருக்கே தெரியாமல் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே ஒப்பந்தம் வந்தால் ஒரே ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் கிரயம் செய்து கொடுப்பதும் ஒன்றல்ல என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்; எழுத்துக்கும் அப்படித்தான். "எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று இருந்தால் அது கிரயம். கிரயத்துக்குக் குத்தகை விலை வாங்காதீர்கள். விளம்பர வாசகம், பொருள் கையேடு போன்றவற்றைக் கிரயம் செய்து கொடுப்பதில் தப்பே இல்லை. உங்கள் சொந்தத் தொடர் என்றால் யோசியுங்கள்.

பணம் தராமல் இழுத்தடிக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில், கூச்சத்தை விடுங்கள். பணம் கேட்டு நாம் எழுதும் கடிதங்களைப் படித்தால் கடன் கேட்பது போல இருக்கும்: "தொந்தரவுக்கு மன்னிக்கவும், தங்களுக்கு வசதிப்படும்போது…" வசதிப்படும்போது என்றால் அவர்களுக்கு வசதிப்படவே படாது. நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். ஜூன் 3 அன்று அனுப்பிய 14ஆம் எண் இன்வாய்ஸுக்கான 8,400 ரூபாய் இன்னும் வரவில்லை. 30 நாள் கெடு ஜூலை 3 அன்று முடிந்தது. பணம் எந்தத் தேதியில் அனுப்பப்படும் என்று இந்த வாரத்துக்குள் தெரிவியுங்கள். இன்வாய்ஸை மீண்டும் இணைத்திருக்கிறேன்."

எண், தொகை, தேதி, ஒரு கேள்வி. அவ்வளவுதான். இதை ஆசிரியருக்கு மட்டும் அனுப்பாமல் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். பத்துக்கு ஏழு முறை ஆசிரியர் பில்லை மேலே அனுப்ப மறந்திருப்பார்.

இரண்டாவது, உதயம் பதிவு. மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பதிவு இது. ஆதார், பான் இரண்டும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு, எச்சரிக்கை. தனி ஆளாகச் சேவை செய்கிறவரும் குறு நிறுவனமாகப் பதியலாம். பதிந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வேலையை எடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பது முக்கியம்; பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்கு இதை நம்ப முடியாது.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் ஒன்றும் நமக்கு உதவுகிறது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். நான் இன்வாய்ஸின் அடியில் உதயம் எண்ணைச் சிறிய எழுத்தில் போட ஆரம்பித்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சில நிறுவனங்களின் கணக்குப் பிரிவு மார்ச் மாதத்தில் தானாகவே கூப்பிட்டுப் பேசுகிறது!

வரி பிடித்துக்கொண்டு பணம் தருகிறார்கள். அது போனது போனதுதானா?

இல்லை, திரும்பி வரும். ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தொழில்முறைக் கட்டணமாக ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்த பணம் உங்கள் பெயரில் அரசிடம் கட்டப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் நீங்களே பார்க்கலாம். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

2025–26 நிதியாண்டு முதல் புதிய வரித்திட்டத்தில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் அதற்குள்தான். ஆக, பிடித்த 10 சதவீதம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். "எனக்கு வரியே வராது, நான் ஏன் தாக்கல் செய்ய வேண்டும்" என்று கேட்டு, ஆண்டுதோறும் இருபதாயிரம், முப்பதாயிரத்தை விட்டுவிடும் எழுத்தாளர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற சலுகைத் திட்டம் சில தொழில்களுக்கு உண்டு. அந்தப் பட்டியலில் வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளரோடு திரைப்படக் கதாசிரியரும் வசனகர்த்தாவும் பாடலாசிரியரும் இருக்கிறார்கள். இணையத்துக்குக் கட்டுரை எழுதுகிறவரின் பெயர் நேரடியாக இல்லை. ஆகவே நண்பர் சொன்னார் என்று அந்தப் படிவத்தை நிரப்பாதீர்கள், ஆடிட்டரிடம் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் அந்த 20 லட்சத்தில் சேரும்.

வெளிநாட்டு வேலை எடுக்கலாமா? தளங்கள் எவ்வளவு பிடித்துக்கொள்ளும்?

எடுக்கலாம், எடுங்கள். வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத் தேடித் தரும் தளங்களில் ஃபைவர் 20 சதவீதம் பிடிக்கிறது. அப்வொர்க் முன்பு எல்லோரிடமும் 10 சதவீதம் வாங்கியது. 2025 மே மாதத்திலிருந்து வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை. இதற்குப் பிறகு டாலரை ரூபாயாக்கும்போது இன்னொரு முறை கழியும். ஆகவே விலை சொல்லும்போது கையில் வரும் ரூபாயிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

நேரடி வாடிக்கையாளர் என்றால் பணம் பேபால், பேயோனியர், வைஸ் போன்ற சேவைகள் வழியாக வரும், அல்லது நேராக வங்கிக்கு. இந்தியாவில் பேபால் வெளிநாட்டு வரவுக்கு மட்டும்தான். உள்நாட்டுச் சேவையை 2021 ஏப்ரல் 1 அன்று நிறுத்திவிட்டது. எந்த வழியில் வந்தாலும் வெளிநாட்டுப் பணவரவுச் சான்றை வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆடிட்டர் ஒருநாள் கட்டாயம் கேட்பார்.

வலைப்பூவில் விளம்பரம் போட்டால் வருமானம் வருமா?

வரும். அதை நம்பிப் பால் கணக்கு வைக்காதீர்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் தமிழில் வலைப்பூ எழுதிய தலைமுறை முழுக்க ஆசைக்காக எழுதியது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஓர் எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். என் வலைப்பூவுக்கு முதல் 100 டாலர் சேர 19 மாதம் ஆனது. அதே வலைப்பூவைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்து வேலை கொடுத்தவர்களால் கிடைத்தது அதைப்போலப் பல மடங்கு. வலைப்பூ நமக்குக் கடையின் பெயர்ப்பலகை, கல்லாப்பெட்டி அல்ல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்கிறேன், வேறு எங்கும் இதை யாரும் சொல்வதில்லை. பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் எழுதி வெளியிட்டால், பதிவின் முகவரியில் தலைப்பு வராது. "பிளாக்-போஸ்ட்" என்று ஒரு பொதுப் பெயரும் எண்ணும் வரும். கண்மாய் பற்றி எழுதியதும் காய்ச்சல் பற்றி எழுதியதும் ஒரே பெயரில் நிற்கும். வேர்ட்பிரஸில் வேறு தொல்லை. அங்கே தமிழ் எழுத்துக்கு இடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, அதன் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிகிறது, மொத்தம் 200க்குத்தான் இடம். இருபத்திரண்டு குறியில் தலைப்பு அறுந்துவிடும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம் போல இருக்கும், பாதிப் பேர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெளியிடும் முன் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் நீங்களே மூன்று நான்கு சொல்லாகத் தட்டிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. நமக்கு இனி வேலை இருக்குமா?

சில வேலைகள் போய்விட்டன, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "ஐந்து பயன்கள், பத்துக் குறிப்புகள்" வகைக் கட்டுரைகளுக்கு எனக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்று இரண்டாண்டு ஆகிறது. அதற்காக நான் அழவில்லை. எழுதும்போதே தூக்கம் வரும்.

இப்போது வருவது திருத்தும் வேலை: கருவி மொழிபெயர்த்ததைச் சரிசெய்து கொடுங்கள், பாதிக் கூலி என்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு பக்கம் வாங்கிப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒரு மருந்துத் துண்டறிக்கை வந்தது. "காலியான வயிற்றில் எடுக்கவும்" என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் எங்கள் தெருவில் யாரும் மாத்திரையை எடுப்பதில்லை, போடுகிறார்கள் அல்லது சாப்பிடுகிறார்கள். வயிறும் காலியாக இருப்பதில்லை, வெறும் வயிறாக இருக்கிறது. "வெறும் வயிற்றில் சாப்பிடவும்" என்று மாற்ற அரை நிமிடம். அப்படி ஒவ்வொரு வரியிலும் அரை நிமிடம் ஆகும் கோப்பு என்றால், முதலிலிருந்து மொழிபெயர்ப்பதே விரைவு. அத்தகைய வேலைக்குச் சொல் கணக்கில் அல்லாமல் மணிக் கணக்கில் கூலி கேளுங்கள்.

நீங்களே கருவியைப் பயன்படுத்துகிறீர்களா என்று வாடிக்கையாளர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்த கோப்பைப் பொதுக் கருவியில் ஒட்டாதீர்கள். வலைப்பூவை இயந்திரத்தால் நிரப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு: தேடலில் மேலே வருவதற்காக மட்டுமே குவியல் குவியலாகத் தயாரிக்கும் பக்கங்களை, யார் எழுதியிருந்தாலும், கூகுள் 2024 மார்ச்சில் தன் எரித (ஸ்பேம்) பட்டியலில் சேர்த்துவிட்டது.

எந்தத் தமிழில் எழுதுவது?

காசு கொடுப்பவரின் வாசகர் பேசும் தமிழில். இலங்கை வாசகருக்கு டாலர் இல்லை, டொலர். போலீஸ் இல்லை, பொலிஸ். மருத்துவமனையை அவர்கள் வைத்தியசாலை என்பார்கள். சிங்கப்பூரில் அதே டாலர் வெள்ளி ஆகிவிடும். சென்னை வாசகருக்கு எழுதியதை அப்படியே கொழும்புக்கு அனுப்பி, "இது எங்கள் தமிழ் இல்லையே" என்று திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. வேலை வரும்போதே எந்த நாட்டு வாசகர் என்று கேட்டுவிடுங்கள். கிரந்த எழுத்து வேண்டுமா, எண்களை எப்படி எழுதுவது, ஆங்கிலப் பெயர்களை எப்படி ஒலிபெயர்ப்பது என்பதையும் சேர்த்துக் கேட்டால், திருத்தம் பாதியாகக் குறையும்.

வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, முன்பணம் 2,000 ரூபாய் என்கிறார்கள்.

கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். இந்த மோசடியின் இரண்டாம் பாகம் இன்னும் கொடியது: பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று "வழக்கறிஞர் நோட்டீஸ்" அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து பணம் அனுப்ப வேண்டாம். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

வீட்டில் இதை வேலையாகவே மதிப்பதில்லை. என்ன செய்ய?

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. "சும்மாதானே வீட்டில் இருக்கிறாய், சிலிண்டர் வந்தால் வாங்கி வை" என்பதைப் பதின்மூன்று ஆண்டாகக் கேட்கிறேன். வாங்கியும் வைக்கிறேன். ஒன்று மட்டும் செய்தேன்: காலை ஆறு முதல் பத்து வரை கதவைச் சாத்திவிடுவேன். அந்த நேரத்தில் சிலிண்டர் வராது.

வங்கிக் கடன் கிடைக்குமா? காப்பீடு?

சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கி மேலாளர் கேட்பது இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கை. தாக்கல் செய்யுங்கள் என்று மேலே புலம்பியதற்கு இதுவும் காரணம். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள், பின்தேதியிட்டு வரலாற்றை உண்டாக்க முடியாது. சேமநல நிதி நமக்கு இல்லை. அதற்குப் பதில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ பி.பி.எஃப். (பொதுச் சேமநல நிதி) கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், முதிர்வு 15 ஆண்டு. மருத்துவக் காப்பீட்டை இளம் வயதிலேயே எடுங்கள். தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருக்கிறது.

பழைய கட்டுரைகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. மீட்க முடியுமா?

முடியும். இப்போது எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. பாமினியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் உண்மையில் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கோப்பின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி, படிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிடும். மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஆங்கிலச் சொற்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி முடித்ததும் மேற்கோள் குறிகளையும் "ஸ்ரீ" வரும் இடங்களையும் தேடிப் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.